சொல்லா இல்லையா, வாசிப்பா, வகையா: தமிழில் பிரைமிங் ஆய்வுக்கு எந்தச் சோதனை?

உளவியல், மொழியியல், பேச்சு-செவித்திறன் படிக்கும் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் நேரம் வந்தால் ஒரே குழப்பம்தான். "தொடர்புள்ள சொற்கள் ஒன்றையொன்று அடையாளம் காண எப்படி உதவுகின்றன என்று தமிழில் பார்க்கப் போகிறேன், எந்தச் சோதனையை வைப்பது?" வழிகாட்டி ஒன்று சொல்வார், சீனியர் வேறொன்று சொல்வார், படிக்கிற ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலச் சொற்களை வைத்துச் செய்தவையாக இருக்கும். கடைசியில் கையில் எந்த மென்பொருள் இருக்கிறதோ அதில் சுலபமாக வருவதை எடுத்துவிடுகிறார்கள். அது தப்பு. இந்தத் துறையில் நீங்கள் எடுக்கும் சோதனை மாறினால் முடிவும் மாறிவிடும்.

விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஊசி' என்ற சொல்லைப் பார்த்த பிறகு 'நூல்' வந்தால் அதை அடையாளம் காண ஆகும் நேரம் குறைகிறது, 'மழை'க்குப் பிறகு வந்தால் குறைவதில்லை. இந்த உதவிக்குத்தான் பிரைமிங் என்று பெயர். முன்னால் வருவது பிரைம் சொல், பின்னால் வருவது இலக்குச் சொல். 1971-இல் டேவிட் மேயரும் ரோஜர் ஸ்வானவெல்ட்டும் திரையில் இரண்டு எழுத்துக்கோவைகளைக் காட்டி, இரண்டுமே சொற்கள்தானா என்று கேட்டார்கள். ரொட்டி-வெண்ணெய் போன்ற தொடர்புள்ள ஜோடிகளுக்குப் பதில் வர சராசரியாக 855 மில்லிநொடி ஆனது, தொடர்பில்லாத ஜோடிகளுக்கு 940. அந்த 85 மில்லிநொடி வித்தியாசத்திலிருந்துதான் இந்த ஆய்வுத் துறையே கிளைத்தது. எண்டல் டல்விங் 1972-இல் நம் சொந்த அனுபவங்களின் நினைவிலிருந்து பொருள் நினைவை, அதாவது சொற்களின் பொருளையும் பொது அறிவையும் வைத்திருக்கும் நினைவை, தனியாகப் பிரித்துக் காட்டினார். காலின்ஸும் லாஃப்டஸும் 1975-இல் அந்த நினைவை ஒரு வலைப்பின்னலாக வரைந்து, ஒரு முடிச்சு தூண்டப்பட்டால் தூண்டல் பக்கத்து முடிச்சுகளுக்கும் பரவும் என்றார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த 85 மில்லிநொடியும் பரவலால் வந்ததுதானா? அதற்கு விடை தெரியாமல் சோதனையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

(ஒரு சின்ன எச்சரிக்கை. முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று 1996-இல் வெளியானதும், 2012-இல் பிரஸ்ஸல்ஸில் மறுபடி செய்தபோது கிடைக்காமல் போனதும் வேறு விஷயம், அது நடத்தை சார்ந்த பிரைமிங். "பிரைமிங் எல்லாம் பொய்யாமே" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். சொல்லுக்குச் சொல் நடக்கிற பிரைமிங் திரும்பத் திரும்ப உறுதியான விளைவு.)

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவதும் முக்கியமானதும், அந்த நேரக் குறைவு எங்கிருந்து வருகிறது என்பது. மூன்று இடங்களிலிருந்து வரலாம். பிரைம் சொல் தானாகவே பக்கத்துச் சொற்களைத் தூண்டிவிடுவது ஒன்று. பங்கேற்பவர் பிரைமைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது இன்னொன்று. இலக்குச் சொல்லை ஏற்கெனவே படித்து முடித்தபின் "இது முன்னால் வந்ததோடு சேர்கிறதா" என்று திரும்பிப் பார்ப்பது மூன்றாவது. பொருள் நினைவின் அமைப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலாவதுதான் உங்களுக்கு வேண்டும், மற்ற இரண்டும் கலப்படம்.

இரண்டாவது, தமிழ் எழுத்துமுறைக்கும் தமிழ் வாசிப்புப் பழக்கத்துக்கும் அந்தச் சோதனை ஒத்துவருமா என்பது. ஆங்கிலத்தில் வேலை செய்வது இங்கே வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மூன்றாவது, விளைவின் அளவும் அதைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்பதும். நான்காவது மறைந்திருக்கும் வேலை, அதாவது பொய்ச்சொல் (சொல் போலவே இருக்கும், ஆனால் பொருள் இல்லாத எழுத்துக்கோவை) தயாரிப்பது, ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் திருத்துவது போன்றவை. இது ஆய்வு முன்மொழிவில் எங்கும் தெரியாது, ஆனால் இரண்டு மாதத்தை விழுங்கிவிடும். ஐந்தாவது, யாரைச் சோதிக்கிறீர்கள் என்பது. கல்லூரி மாணவர், ஏழு வயதுக் குழந்தை, பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுச் சிக்கலோடு இருப்பவர், மூவருக்கும் ஒரே சோதனை பொருந்தாது.

## சொல்லா இல்லையா சோதனை

லேபில் லெக்சிகல் டெசிஷன் என்பார்கள். திரையில் வருவது சொல் என்றால் ஒரு பொத்தான், இல்லையென்றால் இன்னொன்று. செய்யச் சுலபம், பதிவு செய்யச் சுலபம், உலகத்தில் வந்திருக்கும் பிரைமிங் ஆய்வுகளில் பெரும்பாலானவை இதுதான். விளைவும் பொதுவாக மற்றச் சோதனைகளைவிடத் தெளிவாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கவும் தரவு நிறைய இருக்கிறது. கீத் ஹட்சிசனும் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட செமான்டிக் பிரைமிங் ப்ராஜெக்டில் 768 பேர், 1,661 இலக்குச் சொற்கள், அதில் 512 பேர் இந்தச் சோதனையைத்தான் செய்தார்கள், மீதி 256 பேர் இலக்குச் சொல்லை உரக்க வாசித்தார்கள்.

இதன் பிரச்சினை, விளைவு பெரிதாகத் தெரிவதற்கான காரணத்திலேயே இருக்கிறது. பிரைமும் இலக்கும் ஜோடியாக வரும்போது, தொடர்பு தெரிந்தால் அது நிச்சயம் சொல்தான் என்று பங்கேற்பவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் பொய்ச்சொல் எதோடும் தொடர்புடையதாக இருக்க முடியாது. அப்புறம் அவர் சொல்லைத் தேடுவதில்லை, தொடர்பைத்தான் தேடுகிறார். 'வலை' என்று காட்டிவிட்டு 'கொசு' என்று காட்டுங்கள். வலை என்றதும் பெரும்பாலானவர்களுக்கு மீன்தான் தோன்றும், ஆனால் கொசு என்றதும் வலை தோன்றும். முன்னோக்கிய தூண்டல் மட்டும் வேலை செய்தால் இந்த வரிசையில் பெரிதாக உதவி கிடைக்கக் கூடாது. ஆனால் இப்படிப் பின்னோக்கிய ஜோடிகளிலும் இந்தச் சோதனை நேரக் குறைவைக் காட்டுகிறது. சைடன்பர்க் குழு 1984-இல் இதைத்தான் கண்டார்கள், அதே ஜோடிகளை வாசிக்கச் சொன்னபோது அந்த உதவி காணாமல் போனது. (இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் வாசிப்பிலும் அது எட்டிப் பார்க்கிறது என்று பின்னால் சிலர் காட்டினார்கள், அதனால் வாசிப்பைக் கலப்படமே இல்லாதது என்று நினைத்துவிட வேண்டாம்.)

இதைக் கட்டுப்படுத்த இரண்டு வழி. ஒன்று விகிதத்தைச் சரிசெய்வது. மாணவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இப்படி இருக்கும்: 40 தொடர்புள்ள ஜோடி, 40 தொடர்பில்லாத ஜோடி, 80 பொய்ச்சொல் ஜோடி. பார்க்கச் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர்பில்லாமல் வரும் 120-இல் 80 பொய்ச்சொல், அதாவது "தொடர்பு தெரியவில்லை, அதனால் இல்லை பொத்தான்" என்று அழுத்துபவருக்கு மூன்றில் இரண்டு முறை சரியாகிவிடும். அதற்குப் பதிலாக 20 தொடர்புள்ளவை, 60 தொடர்பில்லாதவை, 60 பொய்ச்சொல் என்று வையுங்கள். தொடர்பின்மை எதையும் காட்டிக்கொடுக்காது, தொடர்புள்ளவை சொல் ஜோடிகளில் நாலில் ஒரு பங்குதான் என்பதால் ஊகிக்கிற ஆசையும் குறையும். 'ஆம்' பதில்கள் கொஞ்சம் அதிகமாகும், பரவாயில்லை. தொடர்புள்ள ஜோடிகள் குறைவாக இருப்பதால் அதிகப் பேர் தேவைப்படுவார்கள், அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடித்தது, தொடர் முறை. ஜோடி என்பதையே மறைத்துவிடுவது. சொற்கள் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். எது பிரைம், எது இலக்கு என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மெக்நமாராவும் ஆல்டரிபாவும் 1988-இல், ஷெல்டனும் மார்ட்டினும் 1992-இல் இதைப் பயன்படுத்தினார்கள். ஷெல்டன்-மார்ட்டின் முடிவு சங்கடமானது: ஊசி-நூல் மாதிரி சேர்த்தே சொல்லிப் பழகிய ஜோடிகளில் பிரைமிங் கிடைத்தது, பொருள் மட்டும் ஒத்த ஜோடிகளில் கிடைக்கவில்லை. அதாவது 'ஊசி-ஆணி' மாதிரி, இரண்டும் கூர்மையான உலோகம், ஆனால் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இதற்கு எதிரான முடிவுகளும் வந்திருக்கின்றன, விவாதம் முடியவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது இந்த இரு வகை ஜோடிகளையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பாமல் இருப்பது. தொடர் முறையின் குறை, பிரைமுக்கும் இலக்குக்கும் நடுவே உள்ள நேரத்தை உங்களால் கட்டுப்படுத்த முடியாது, பங்கேற்பவர் பிரைமுக்கு எப்போது பதில் சொல்கிறாரோ அதைப் பொறுத்து அது நீளும்.

மறைந்திருக்கும் வேலை பொய்ச்சொற்களில்தான். எழுத்துகளை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டால் ஆகாது. தமிழ்ச் சொல் ண, ள, ழ, ற, ன ஆகியவற்றில் தொடங்காது என்று நமக்கெல்லாம் படிக்காமலே தெரியும், அதனால் 'ழ'வில் தொடங்கும் பொய்ச்சொல்லை யாரும் படித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், பார்த்த கணமே 'இல்லை'. அப்படி நிராகரிக்க முடிந்தால் பொருள்வரை போக வேண்டிய அவசியமே இல்லாமல் பிரைமிங் சுருங்கிவிடும். ஷுல்மனும் டேவிசனும் 1977-இலேயே இதை ஆங்கிலத்தில் காட்டிவிட்டார்கள். 'பட்டாணி'யை 'பட்டேணி' என்று ஒரு இடத்தில் மட்டும் மாற்றுவது மாதிரி, சொல் போலவே இருக்க வேண்டும். செய்து முடித்த பிறகு ஒவ்வொன்றையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் தேடுங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன, நீங்கள் பொய் என்று நினைத்தது ஏதோ ஒரு செடியின் பெயராக இருக்கும். மதுரைக்காரர் ஒருவரிடமும் நெல்லை, கொங்குப் பக்கத்து ஆட்களிடமும் காட்டிவிடுங்கள், வட்டாரச் சொல்லாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

யாருக்கு இது சரி? முதல் ஆய்வு செய்பவர்களுக்கு, ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது என்பவர்களுக்கு, அப்புறம் நோயாளிகளோடு வேலை செய்பவர்களுக்கு. மில்பெர்க்கும் புளும்ஸ்டைனும் 1981-இல் வெர்னிக்கே அஃபேசியா (மூளைப் பாதிப்பால் மொழியைப் புரிந்துகொள்வதில் வரும் சிக்கல்) உள்ளவர்களைச் சோதித்தார்கள். சொற்களின் பொருள் தொடர்பை நேரடியாகக் கேட்டால் தடுமாறியவர்கள், சொல்லா இல்லையா என்று கேட்டபோது தொடர்புள்ள பிரைமுக்குப் பின் வேகமானார்கள். உள்ளே பொருள் அழியவில்லை, அதை எடுப்பதில்தான் சிக்கல் என்று பேச வழி கிடைத்தது. வாய் திறந்து வாசிக்கச் சொல்லும் சோதனையில் இதைச் செய்திருக்க முடியாது.

## வாசிப்புச் சோதனை

நேமிங். பிரைமைக் காட்டிவிட்டு இலக்குச் சொல்லை உரக்க வாசிக்கச் சொல்வது. 'ஆம்-இல்லை' முடிவு எதுவும் இல்லாததால், திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கிற கலப்படம் இதில் குறைவு. பலோட்டாவும் லார்ச்சும் 1986-இல் செய்தது இதற்கு நல்ல சான்று. சிங்கம், புலி, வரி என்று ஒரு சங்கிலி. நடுவில் உள்ள புலியைக் காட்டாமல் சிங்கத்துக்குப் பிறகு வரியை வாசிக்கச் சொன்னால் கொஞ்சம் வேகமாக வாசித்தார்கள், சொல்லா இல்லையா என்று கேட்டபோது அந்த வேகம் தெரியவில்லை. தூண்டல் இரண்டு படி தாண்டிப் பரவுகிறது என்பதற்கு இது ஆதாரம். தமிழில் செய்வதானால் 'எலி-(பூனை)-பால்' மாதிரி நம் பேச்சில் ஊறிய சங்கிலிகளைத் தேடலாம்.

இதைப் படித்துவிட்டு "வாசிப்புதான் தூய்மையானது, அதையே வைப்போம்" என்று கிளம்புபவர்கள் நிறையப் பேர். அவர்களைத்தான் நான் நிறுத்த நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை முழுதாக ஊகிக்க முடியாது, சொல்லைத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் வாசிக்கும்போது சொல் நினைவு உள்ளே வருகிறது. எழுத்தும் ஒலியும் நேராகப் பொருந்தும் மொழியில் சொல்லைத் தொடாமலே வாசித்துவிடலாம். காட்ஸும் ஃபெல்ட்மனும் 1983-இல் ஆங்கிலத்தையும் செர்போ-குரோவேஷியனையும் ஒப்பிட்டார்கள். சொல்லா இல்லையா சோதனையில் இரு மொழிகளிலும் பிரைமிங் இருந்தது, வாசிப்பில் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. டபோசியும் லாகியும் 1992-இல் இத்தாலியனில் பார்த்தது இன்னும் உபயோகமானது: சொற்களை மட்டும் கொடுத்தால் வாசிப்பிலும் பிரைமிங் வருகிறது, நடுவே பொய்ச்சொற்களைக் கலந்தால் போய்விடுகிறது. பொய்ச்சொல் வரும் என்று தெரிந்ததும் வாசிப்பவர்கள் எழுத்துக்கூட்டும் வழிக்கு மாறிவிடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

தமிழ் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. க, ச, ட, த, ப-வுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறினாலும் அந்த மாற்றம் பெரும்பாலும் விதிப்படியே நடக்கிறது, 'பாம்பு'வில் இரண்டு ப-வும் வேறு வேறாக ஒலிப்பது யாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் 'பயம்', 'பயன்' இரண்டையும் பாருங்கள். முதலெழுத்து ஒன்றுதான், ஒலி வேறு, எது எப்படி என்று எழுத்து சொல்லாது, சொல் தெரிந்திருக்க வேண்டும். 'குரு', 'குடை' அப்படித்தான். தமிழில் வாசிப்புச் சோதனை வைத்தே தீர வேண்டும் என்றால் இந்த மாதிரிச் சொற்களையும் மற்றவற்றையும் தனித்தனித் தொகுதிகளாக வைத்து ஒப்பிடுங்கள். அது வெறும் நகல் ஆய்வாக இல்லாமல் தமிழ் எழுத்துமுறையைப் பற்றியே ஏதாவது சொல்லும், நான் இன்று ஒரு முனைவர் பட்டத் தலைப்பு தேடினால் இதைத்தான் எடுப்பேன். பொய்ச்சொல்லை மட்டும் கிட்டவே விடாதீர்கள்.

செலவு? ஒலி தொடங்கும் நேரத்தைப் பிடிக்கும் மைக் ஏற்பாடு 'ச'வில் தொடங்கும் சொல்லையும் 'ப'வில் தொடங்கும் சொல்லையும் ஒரே மாதிரி பிடிக்காது. ஆனால் ஒரே இலக்குச் சொல்லை ஒரு குழுவுக்குத் தொடர்புள்ள பிரைமோடும் இன்னொரு குழுவுக்குத் தொடர்பில்லாத பிரைமோடும் கொடுத்தால் இந்தக் கோணல் இரண்டு பக்கமும் சமமாக விழுந்து கழிந்துவிடும். நிஜமான செலவு கேட்பதில் இருக்கிறது. 40 பேர், ஆளுக்கு 120 சொல், மொத்தம் 4,800 ஒலித்துண்டுகள், ஒன்றுக்கு 5 நொடி என்றாலும் கிட்டத்தட்ட 7 மணி நேரம் இடைவிடாமல் கேட்க வேண்டும். செக்வோக்கல் மாதிரி மென்பொருள் உதவும், ஆனால் காது உங்களுடையதுதான். அதோடு எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் பிரச்சினை வேறு. 'ஒன்று' என்று திரையில் இருக்கும், சிலர் 'ஒண்ணு' என்று வாசிப்பார்கள். அது தவறா சரியா என்று தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள், பிறகு முடிவெடுத்தால் தேர்வாளர் கேட்பார்.

## வகைச் சோதனை

இலக்குச் சொல் உயிருள்ளதா, உயிரற்றதா? விலங்கா, இல்லையா? இப்படிக் கேட்பது. பொருளைத் தொடாமல் பதில் சொல்லவே முடியாது என்பது இதன் பலம். பொய்ச்சொல் தயாரிக்க வேண்டாம் என்பது இன்னொரு நிம்மதி, குழந்தைகளுக்கும் கேள்வி உடனே புரியும்.

ஒரு பொறி இருக்கிறது. 'பசு' காட்டிவிட்டு 'எருமை' காட்டினால் இரண்டுக்கும் ஒரே பொத்தான். தொடர்பில்லாத ஜோடிக்கு 'மேசை-எருமை' என்று வைத்துவிட்டால் பிரைம் ஒரு பொத்தானை நோக்கி இழுக்கும், இலக்கு இன்னொன்றை. அப்போது நீங்கள் அளப்பது பொருள் தொடர்பை அல்ல, விரலில் நடக்கும் போட்டியை. அதற்காக 'குதிரை-எருமை' என்று வைக்கவும் முடியாது, அதுவும் விலங்கு, கொஞ்சம் தொடர்புள்ளது. 'உயிருள்ளதா' என்ற கேள்விக்கு 'மல்லிகை-எருமை' என்று வைக்கலாம், பதில் ஒன்று, தொடர்பு இல்லை. ஆனால் 'மரம்' மாதிரிச் சொற்களைத் தவிர்த்துவிடுங்கள், வளர்கிற மரமா, கதவு செய்கிற மரமா என்று பங்கேற்பவர் யோசித்துக்கொண்டிருப்பார். 'கொசு-வலை' போல வகை தாண்டும் ஜோடிகளையும் இதில் சோதிக்க முடியாது.

இந்தச் சோதனை உண்மையில் ஜொலிப்பது இருமொழி ஆய்வில். முதல் மொழிப் பிரைம் இரண்டாம் மொழி இலக்குக்கு உதவுகிற அளவுக்கு, எதிர்த் திசையில் உதவுவதில்லை என்பது சொல்லா இல்லையா சோதனையில் பலமுறை கண்டது. வகைச் சோதனையில் அந்த ஏற்றத்தாழ்வு வெகுவாகக் குறைந்துவிடுகிறது, ஃபிங்க்பைனர் குழு 2004-இல் இதை விளக்க ஒரு மாதிரியையே முன்வைத்தது. தமிழ்-ஆங்கிலத்தில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆங்கில வழியில் படித்தவருக்குத் தமிழ் தாய்மொழிதான், ஆனால் கண்ணால் படிக்கிற வேகத்தில் ஆங்கிலம் முந்தியிருக்கலாம். 'முதல் மொழி' என்று படிவத்தில் ஒரு கட்டம் வைத்து முடித்துவிடாதீர்கள், எந்த மொழியில் தினமும் படிக்கிறார் என்றும் கேளுங்கள்.

## மற்றவை, சுருக்கமாக

பிரைமை 50 மில்லிநொடி மட்டும் காட்டி மறைக்கும் முறை, ஊகத்தை வேரோடு வெட்டிவிடும், ஆனால் பொருள் பிரைமிங்கும் அதில் மிகச் சிறியதாகிவிடும், முதல் ஆய்வுக்கு வேண்டாம். காதில் வாக்கியம், கண்ணில் இலக்குச் சொல் என்ற முறையை டேவிட் ஸ்வின்னி 1979-இல் புகழ்பெறச் செய்தார். இருபொருள் சொல் காதில் விழுந்த கணத்தில் இரண்டு பொருளும் தூண்டப்படுகின்றன, சில அசைகள் கழித்து சூழலுக்குப் பொருந்துவது மட்டும் மிஞ்சுகிறது. எழுத்தறிவு குறைந்தவர்களோடு வேலை செய்கிறீர்கள் என்றால் பிரைமையும் இலக்கையும் காதிலேயே கொடுத்துவிடலாம், அங்கே பேச்சுத் தமிழ் வடிவத்தையே வைக்க முடியும். ஈஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் கருவி) வசதி உள்ளவர்களுக்கு என்400 இருக்கிறது, குட்டாஸும் ஹில்யார்டும் 1980-இல் கண்ட மூளை அலை. பொத்தானே அழுத்தாமல் அளக்கலாம் என்பது அதன் பெரிய வசதி, லேப் இல்லையென்றால் பேச்சே இல்லை.

| | சொல்லா இல்லையா | வாசிப்பு | வகை |
|---|---|---|---|
| கலப்படம் | அதிகம். தொடர் முறையில் குறையும் | குறைவு | விரல் போட்டி வரலாம் |
| தமிழுக்கு | நன்றாகப் பொருந்தும் | எழுத்தும் ஒலியும் நேராகப் பொருந்துவதால் விளைவு மங்கலாம் | பொருந்தும் |
| விளைவின் அளவு | பெரியது | சிறியது | ஜோடியைப் பொறுத்தது |
| மறைந்த வேலை | பொய்ச்சொற்கள் | ஒலித் திருத்தம் | கட்டுப்பாட்டு ஜோடிகள் |
| யாருக்கு | முதல் ஆய்வு, அஃபேசியா | எழுத்துமுறை ஆய்வு, சங்கிலித் தூண்டல் | இருமொழியாளர், குழந்தைகள் |

## எதை எடுத்தாலும் தப்ப முடியாதவை

இடைவெளி. பிரைம் தோன்றியதிலிருந்து இலக்கு தோன்றும்வரை உள்ள நேரம். ஜேம்ஸ் நீலி 1977-இல் செய்த ஆய்வை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். 'உடல்' என்று வந்தால் கட்டடத்தின் பாகம் வரும் என்று எதிர்பாருங்கள் என்று பங்கேற்பவர்களிடம் முன்கூட்டியே சொன்னார். 250 மில்லிநொடி இடைவெளியில், சொன்னது எதுவும் எடுபடவில்லை, 'இதயம்' தான் வேகமானது, 'கதவு' ஆகவில்லை. 700-ஐத் தொட்டதும் தலைகீழ், 'கதவு' வேகமானது, 'இதயம்' தாமதமானது. தானாக நடப்பதும் நாமாகச் செய்வதும் வேறு வேறு என்பதை இவ்வளவு சுத்தமாக வேறு யாரும் பிரித்ததாக எனக்குத் தெரியவில்லை. தானாகப் பரவும் தூண்டல் வேண்டுமானால் 200-250 பக்கம் இருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி, 200 என்பது சரியாக 12 சட்டகம். தமிழை மெதுவாகப் படிப்பவர்களுக்கு இந்த நேரத்தில் பிரைமே பதியாமல் போகலாம், அதனால் சிலரை வைத்து முன்னோட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜோடிகள். ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்க்காதீர்கள். ரொட்டி-வெண்ணெய் நம் சமையலறை ஜோடி இல்லை, 'மருத்துவர்-செவிலியர்' என்று எழுதினால் யாரும் நினைக்காத சொற்கள், 'டாக்டர்-நர்ஸ்' தான் மனதில் இருப்பது. உங்கள் ஆய்வில் பங்கேற்கப் போகாத 60, 70 பேரிடம் சொற்களைக் கொடுத்து முதலில் தோன்றுவதை எழுதச் சொல்லுங்கள். பூட்டு என்றால் சாவி, வில் என்றால் அம்பு என்று எத்தனை பேர் எழுதுகிறார்களோ அதுதான் உங்கள் தொடர்பு வலிமை. சொல் எவ்வளவு புழக்கத்தில் உள்ளது என்பதற்கு மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தமிழ்த் தரவகம் போன்றவற்றைப் பாருங்கள்.

எண்ணிக்கை. பிரைஸ்பார்ட்டும் ஸ்டீவன்ஸும் 2018-இல் சொன்னது, ஒவ்வொரு நிலைக்கும் (தொடர்புள்ளது, தொடர்பில்லாதது) குறைந்தது 1,600 பதில்கள், அதாவது 40 பேர், ஆளுக்கு 40 சொல். 20 மாணவர், 15 சொல் என்று செய்தால் 300 தான் வரும், அதில் விளைவு கிடைக்காவிட்டால் பிரைமிங் இல்லை என்று எழுத முடியாது. நான் சொன்ன 20 தொடர்புள்ள ஜோடித் திட்டத்துக்கு இதே கணக்கில் 80 பேர் வேண்டும். ஆட்கள் கிடைக்க மாட்டார்கள் என்றால் விகிதத்தைக் கெடுக்காமல் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள், 40-120-120, நடுவில் ஓய்வு கொடுத்து. பகுப்பாய்வில் ஆட்களையும் சொற்களையும் சேர்த்தே கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரிகளைப் பயன்படுத்துங்கள்.

மென்பொருள். சைக்கோபை, ஓபன்செசமி இரண்டும் இலவசம், டிஎம்டிஎக்ஸும் அப்படியே. எதுவானாலும் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' எல்லாம் திரையில் சரியாக வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள், கொம்பும் காலும் பிரிந்து நிற்பது தமிழுக்குப் பழைய தொல்லை. சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு சொல்லையும் ஒரே எழுத்துருவில் படமாக்கிவிடுங்கள்.

கடைசியாக, இந்தச் சோதனைகளில் எதுவுமே பொருந்தாத ஒரு கேள்வி இருக்கிறது, அது நிறைய முன்மொழிவுகளில் வருகிறது: "பிரைமிங் அதிகமாக உள்ளவர்களுக்கு வாசிப்புத் திறன் அதிகமா?" குழுவின் சராசரியில் பிரைமிங் உறுதியாக இருந்தாலும், ஒரு தனி ஆளின் பிரைமிங் அளவு நிலையாக இருப்பதில்லை. ஸ்டோல்ஸ், பெஸ்னர், கார் மூவரும் 2005-இல் இதைச் சோதித்தபோது, தானாக நடக்கும் பிரைமிங்கில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் நம்பும்படியாக இல்லை. இன்று உங்களுக்கு 40 மில்லிநொடி என்றால் நாளை 5 ஆக இருக்கலாம். அப்படி நிலையில்லாத எண்ணை வாசிப்பு மதிப்பெண்ணோடு இணைத்தால் எதுவும் கிடைக்காது, கிடைத்தாலும் நம்ப முடியாது. தனி ஆட்களை ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் பிரைமிங்கை விட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குப் பெயர் சொல்கிறார் என்று பார்க்கும் சொல்லோட்டச் சோதனையோடு ஒரு நல்ல சொல்வளச் சோதனையையும் வையுங்கள்.